கொம்பு உடைந்த வாள்

இருகை வாளைத் தோளில் சாய்த்துக்கொண்டு போகிறவன் ஆள் மாதிரித் திரும்பக் கூடாது, வண்டி மாதிரித் திரும்ப வேண்டும். முதலில் நிற்க வேண்டும். பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். அப்புறம்தான் மெதுவாக உடம்பை வளைக்க வேண்டும். சேனைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இந்தப் பாடத்தை நடத்துகிறவன் ஊட்ஸ் ரெப்மான். அன்று காலை பின்னாலிருந்து யாரோ "ஏய் ஊட்ஸ்!" என்று கூப்பிட்டதும், பாடம் நடத்துகிற அந்த ஊட்ஸ் ஆள் மாதிரியே திரும்பினான்.

வாளின் முனை ஒரு அரைவட்டம் போட்டது. வழியில் ப்ளோனியின் அடுப்பு இருந்தது. இரும்பும் இரும்பும் மோதிய சத்தம் கேட்டது. கொப்பரை ஒரு பக்கம் சாய்ந்து, யோசித்துப் பார்த்து, முழுக்கக் கவிழ்ந்தது. முட்டைக்கோஸும் பார்லியும் பன்றிக்கொழுப்பும் சாம்பலோடு கலந்து ஊட்ஸின் ஷூவைச் சுற்றி ஓடின.

"நல்லவேளை, உப்பு கம்மியாத்தான் இருந்திருக்கும்," என்றான் ஊட்ஸ்.

பக்கத்துக் கூடாரத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவன் வாயைத் திறந்தாலே சிரிக்கிற பழக்கம் அவர்களுக்கு. வாய் தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருப்பதை ஊட்ஸும் அவர்களோடு சேர்ந்து வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தான். கொஞ்ச நாளாகவே அப்படித்தான். கை ரொட்டியைப் பிய்க்கும், பல் மெல்லும், வாய் கிண்டல் பண்ணும். அவன் மட்டும் எங்கேயோ தள்ளி நிற்பான். ஷூவுக்குள் கொதிக்கிற கஞ்சி இறங்கியது. சுட்டது என்பது தெரிந்தது, அவ்வளவுதான்.

ப்ளோனி திட்டுவாள் என்று காத்திருந்தான். அவள் புருஷன் லீன்ஹார்ட் உயிரோடிருந்தபோது இதில் பாதி நடந்திருந்தால்கூட அகப்பை பறந்து வந்திருக்கும். இப்போது அவள் கொப்பரையை நிமிர்த்தி, ஒட்டியிருந்த சாம்பலைத் துடைத்தாள்.

"எடுத்து மாட்டு," என்றாள்.

மாட்ட வேண்டியது லீன்ஹார்ட்டின் வாளை. இரண்டு கவட்டைக் கம்புகளை நட்டு, அவற்றின் மேல் புருஷனின் வாளைக் குறுக்கே போட்டு, அதில் சங்கிலி கட்டிக் கொப்பரையைத் தொங்கவிட்டிருந்தாள். புதைத்த மறுநாளே இந்த ஏற்பாடு. பார்த்தவர்கள் முணுமுணுத்தார்கள். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அந்த வாளை அடித்த பாஸாவ் ஊர்க் கொல்லன் இதற்காகவே அடித்த மாதிரி இருந்தது. நீளமான பிடி, அதற்கு மேல் ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த குறுக்குக் கம்பி. அதற்கும் மேல் ஒரு சாண் நீளத்துக்குக் கூர் தீட்டாமல் தோல் சுற்றிய இடம். சண்டை நெருங்கி வரும்போது ஒரு கையை ஏற்றிப் பிடிக்க அந்த இடம். அது முடிகிற இடத்தில், பக்கத்துக்கு ஒன்றாக, கைவிரல் நீளத்தில் இரண்டு இரும்புக் கொம்புகள். எதிராளியின் ஆயுதம் வழுக்கி வந்து விரலை நறுக்காமல் தடுக்கிறவை அவை. சங்கிலியை வழுக்கவிடாமல் பிடிக்கவும் அவையே போதுமென்று ப்ளோனிதான் கண்டுபிடித்தாள்.

ஊட்ஸைக் கூப்பிட்டவன் கிலியான். சாமான் வண்டிகளுக்கும், வண்டிகளோடு வருகிற பெண்களுக்கும் அவன்தான் கண்காணி. கஞ்சி ஓடி முடிகிறவரை மரியாதையாகக் காத்திருந்துவிட்டு, ஊட்ஸைத் தள்ளிக் கூட்டிப்போனான்.

"நாளைக்கு முரசு அடிச்சதும் கிளம்பறோம்."

"தெரியும்."

"ஆம்பளை இல்லாத பொம்பளைக்கு வண்டியில இடம் கிடையாது. சட்டத்தை நான் போடல. என்னை முறைக்காத."

"நான் முறைக்கலய்யா. என் மூஞ்சியே அப்படித்தான்."

"லீன்ஹார்ட்டோட கூடாரத்துல படுத்தவன் நீ. முதல் பேச்சு உன்னோடது. கூட்டிக்கிறேன்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது. மாட்டேன்னாலும் சொல்லிடு, வேற யாரையாவது கேட்டுப் பாக்கறேன். ஆனா பாதிப் பேரு காய்ச்சல்ல கிடக்கான், மீதிப் பேருக்கு ஏற்கெனவே பொண்டாட்டி. சாயங்காலம் வரைக்கும்தான்."

ஒருவரும் கூட்டிக்கொள்ளவில்லையென்றால் என்ன ஆகும் என்று கிலியான் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை. லொம்பார்டி நாட்டின் இந்த மூலையில் எந்தக் கிராமத்துக் கோழியையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. சேனை போன பிறகு பாதையில் தனியாக நிற்கிற அந்நிய ஸ்வாபியப் பெண்ணை அந்தக் கோழிகளின் சொந்தக்காரர்கள் எப்படி விசாரிப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

கூட்டிக்கொள்வதில் ஊட்ஸுக்குக் கஷ்டமில்லை. அவன் குறட்டை விடுகிறவன், கால் நாறுகிறவன், கஞ்சியைக் கவிழ்க்கிறவன். கஷ்டம் அவளுக்குத்தான். அவனுக்குத் தொண்டையில் நின்றது ஒரே ஒரு கேள்வி. அதற்குப் பதில் தெரியாமல் அவள் கையால் ஒரு கரண்டி கஞ்சி வாங்கிக் குடிக்க முடியாது.

லீன்ஹார்ட்டைக் கொன்றது எந்த வாள்?

*

ஒரு காலத்தில் வாள் என்பது இடுப்பில் தொங்குகிற பொருளாகத்தான் இருந்ததாம். அப்புறம் ஒரு கை போதாமல் ஒன்றரைக் கைக்கு வளர்ந்தது. ஒன்றரையும் போதாமல் இரண்டு கை கேட்டது. கடைசியில் இடுப்பும் வேண்டாம் உறையும் வேண்டாம் என்று தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டது. இப்போது நிமிர்த்தி வைத்தால் ஊட்ஸின் நெற்றியைத் தொடும், அவனோ சேனையிலேயே உயரமானவர்களில் ஒருவன். பார்க்கிறவர்கள் பயப்படுவார்கள். தூக்கிப் பார்த்தால் தீனி போட்டு வளர்த்த வாத்தைவிடக் கனம் குறைவு. இந்த ரகசியத்தை வாள் வைத்திருக்கிறவர்கள் வெளியே சொல்வதில்லை. அதற்குத்தான் இரட்டைச் சம்பளம் என்பான் லீன்ஹார்ட்.

புதுப் பையன்கள் ஒருவர் விடாமல் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "அண்ணே, இதால நீள ஈட்டியெல்லாம் முள்ளங்கி மாதிரி நறுக்குவீங்களாமே?" லீன்ஹார்ட் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு, "தினமும் காலையில உப்பு போட்டுத் தின்போம்," என்பான். நிஜமான வேலை வேறு. சேனையின் நடுவில் கொடி இருக்கும். கொடியைச் சுற்றி இருகை வாள்காரர்கள் இருப்பார்கள். ஈட்டி வரிசை உடைந்து எதிரி உள்ளே வந்துவிட்டால், பெரிய வீச்சாக வீசிக் கொடியைச் சுற்றி இடம் பண்ண வேண்டும். எத்தனை பேரை வெட்டினாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். கொடி நிற்கிறதா என்றுதான் கேட்பார்கள்.

லீன்ஹார்ட்டின் வாள் நெருப்புச் சுவாலை மாதிரி நெளிநெளியாக இருக்கும். அதனால் கூடுதலாக ஒன்றும் வெட்டாது. அழகுக்குத்தான் வாங்கினேன் என்று அவனே ஒத்துக்கொள்வான். ஊட்ஸின் வாள் நேரானது, அழகும் கிடையாது. போதாக்குறைக்கு, விரலைக் காக்கிற இரும்புக் கொம்புகளில் ஒன்றுக்கு நுனி உடைந்தது. ட்ரென்ட் பக்கம் ஒரு ஊரில் குனிய மறந்து கோயில் வாசலுக்குள் நுழைந்ததன் பலன் அது. கல் நிலையில் இடித்துக் கொம்பின் நுனி தெறித்து, உள்ளே பிரசங்கம் நின்றுபோனது. "சாத்தானோடு சண்டை போட்டான், சாத்தான் ஜெயிச்சுட்டான்," என்று லீன்ஹார்ட் அதற்கப்புறம் ஒவ்வொரு ஊரிலும் சொன்னான். ப்ளோனி அந்தக் கொம்பை 'மூக்கறை' என்று கூப்பிட்டாள்.

இருகை வாளுக்கு ஒரு வட்டம் உண்டு. வீசுகிறவனைச் சுற்றி அந்த வட்டத்துக்குள் கூட்டாளி வரக் கூடாது. வந்தே ஆக வேண்டுமென்றால் "உள்ளே!" என்று கத்த வேண்டும். கத்தினால் மற்றவன் வாளை அப்படியே நிறுத்த வேண்டும், எதிரி எதிரில் நின்றாலும். கொடிக்கு இடது பக்கம் லீன்ஹார்ட், வலது பக்கம் ஊட்ஸ், நடுவில் ஒரு அடி பின்னால் கொடிக்காரன் டீபோல்ட். ஏழெட்டுச் சண்டைகளில் அந்த இரண்டு வட்டங்களும் ஒன்றையொன்று தொட்டதில்லை.

லீன்ஹார்ட் செத்த அன்றைக்குச் சண்டை கால்வாய்க் கரையின் மேல் நடந்தது. எல்லோரையும் போல அவர்களும் முதலில் மண்டிபோட்டு, ஒரு பிடி மண்ணை எடுத்துத் தோளுக்குப் பின்னால் எறிந்துவிட்டுத்தான் எழுந்தார்கள். மழை பெய்துகொண்டிருந்ததால் அது மண் இல்லை, சேறு. லீன்ஹார்ட் எறிந்த சேறு பின்னாலிருந்த டீபோல்ட்டின் முகத்தில் அப்பிக்கொண்டது. அதற்கு லீன்ஹார்ட்டும் ஊட்ஸும் சிரித்தார்கள். அதற்கப்புறம் ஊட்ஸுக்குத் துண்டு துண்டாகத்தான் இருக்கிறது. கரை குறுகல், பெரிய வீச்சுக்கு இடமில்லை. வலது கையைத் தோல் சுற்றிய இடத்துக்கு ஏற்றி, வாளைக் குட்டை ஈட்டி மாதிரிப் பிடித்துக்கொண்டான். காதுக்குப் பக்கத்தில் துப்பாக்கிகள் வெடித்தன. அப்புறம் ஒரு மணி அடிக்கிற மாதிரி ஒரே சத்தம், வேறு சத்தமே இல்லை. குத்தினான், இழுத்தான். குத்தினான், இழுத்தான். ஒரு தடவை இழுக்கும்போது பக்கத்தில் ஏதோ தட்டியது. நனைந்த மூட்டையில் முழங்கை படுகிற மாதிரி.

அவ்வளவுதான். கை அதை ஞாபகம் வைத்திருக்கிறது. ஊட்ஸிடம் அதைப் பற்றி எதுவும் சொல்ல மறுக்கிறது.

*

கொடிக்காரன் டீபோல்ட் ஆற்றோரத்தில் சட்டையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மஞ்சளும் கறுப்பும் கோடு போட்ட பட்டுக் கொடி அவன் மடியில் கிடந்தது. அதன் ஒரு மூலையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"உக்காருப்பா ஊட்ஸ். கதை ஏதாச்சும் வச்சிருக்கியா?"

"கேள்விதான் வச்சிருக்கேன், கொடிக்காரரே. அன்னிக்கு லீன்ஹார்ட் என் வட்டத்துக்குள்ள வந்தானா?"

தேய்க்கிற கை நிற்கவில்லை. "அன்னிக்கு யாரு எங்க இருந்தாங்கன்னு யாருக்குய்யா தெரியும்? கூட்டம்."

"நீங்க எங்களுக்குப் பின்னால ஒரு அடிதான் தள்ளி இருந்தீங்க."

"நான் கொடியைப் பாத்துட்டு இருந்தேன். அதான் என் வேலை."

"அவன் எதுக்காச்சும் குனிஞ்சானா?"

"எதுக்குக் குனியணும்?" டீபோல்ட் நிமிர்ந்தான். "கீழ என்ன இருந்துச்சு? ஒண்ணுமில்ல. கொடி கீழ விழல. புரியுதா? என் கையில இருந்து கொடி கீழ விழவே இல்ல."

"நான் கொடியைப் பத்திக் கேக்கவே இல்லையே."

டீபோல்ட் மறுபடி தேய்க்கத் தொடங்கினான். கொடியைக் கையில் வாங்கும்போது எல்லார் முன்னாலும் அவன் சத்தியம் பண்ணியவன். கை போனால் பல்லால் பிடிப்பேன், பல்லும் போனால் உடம்பில் சுற்றிக்கொண்டு சாவேன் என்று. அவனுடைய கை, பல் எல்லாம் நல்லபடியாக இருந்தன. தேய்த்துக்கொண்டிருந்த மூலையில் கால்வாய்க் கரையின் சிவப்புச் சேறு கோப்பை அகலத்துக்குப் படிந்து, போக மாட்டேன் என்றிருந்தது. பக்கத்தில் பட்டு கிழிந்து நூல் பிரிந்திருந்தது.

ஊட்ஸ் சேற்றைப் பார்த்தான். டீபோல்ட் ஊட்ஸ் பார்ப்பதைப் பார்த்தான்.

"லீன்ஹார்ட்டை எதிரி கொன்னான்," என்றான் டீபோல்ட் மெல்ல. "எதிரி கொன்னான்னு வச்சுக்கோ. எல்லாருக்கும் நல்லது. உனக்கும்தான்டா."

"சாம்பல் போட்டா கறை போகாது," என்றான் ஊட்ஸ் எழுந்துகொண்டே. "உப்பும் காடியும் போட்டுப் பாருங்க."

கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே உப்பும் காடியும்தான் கேட்கும்.

*

காயங்களுக்குக் கட்டுப்போடுகிற நாவிதர் எண்ட்ரெஸ் ஒரு துப்பாக்கிக்காரனின் தலையை முழங்கால் இடுக்கில் பிடித்துக்கொண்டு பல் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"வரிசையில நில்லு," என்றார் நிமிராமல்.

"எனக்குப் பல்லு இல்ல, வைத்தியரே. அதாவது, இருக்கு. நான் அதுக்கு வரல. லீன்ஹார்ட் தலையில பட்ட காயத்தை நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எப்படி இருந்துச்சு?"

"செத்தவன் காயம் மாதிரி இருந்துச்சு."

துப்பாக்கிக்காரன் ஏதோ சொல்ல முயன்றான். எண்ட்ரெஸ் அவன் வாயில் இடுக்கியைத் திருகினார்.

"வெட்டா, குத்தா, துளையா?"

"இங்க பாருப்பா." பல் வந்துவிட்டது. அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, தவறான பல் என்று தெரிந்துகொண்டு, யாரிடமும் சொல்லாமல் பைக்குள் போட்டுக்கொண்டார். "அந்தப் பக்கமும் இருகை வாள் வச்சிருந்தான். இந்தப் பக்கமும் வச்சிருந்தான். நான் வாயைத் திறந்து இது இந்தக் காயம்னு சொன்னேன்னு வச்சுக்கோ. நாளைக்கே சேனை மொத்தமும் வட்டமா நிக்கும், நடுவுல உன்னை நிறுத்துவான், என்னைச் சாட்சிக்குக் கூப்பிடுவான். கூட்டாளியைக் கொன்னவனுக்கு ரெண்டு பக்கமும் ஈட்டியைச் சாச்சு நடுவுல ஓடச் சொல்லுவான். நீ ஓடி முடிக்க மாட்ட. எனக்கு அதெல்லாம் பாக்க நேரமில்ல. இன்னும் பல்லு இருக்கு."

"அப்போ துளைதான்னு சொல்றீங்க."

"நான் ஒண்ணுமே சொல்லல. இன்னிக்கு நீ என்கிட்ட வரவே இல்ல. அடுத்த ஆளு!"

*

வெயில் இறங்கிக்கொண்டிருந்தபோது ஊட்ஸ் திரும்பி வந்தான். இந்தத் தடவை வாளைத் தான் இப்போது படுக்கிற கூடாரத்திலேயே வைத்துவிட்டு, வெறும் கையோடு, வெறும் தோளோடு வந்தான். தோள் லேசாக இருந்தது விநோதமாக இருந்தது. அது நல்ல விதமான லேசு இல்லை. ஒரு பக்கத்துச் சுவரை எடுத்துவிட்ட வீடு மாதிரி இருந்தது.

ப்ளோனி மூட்டை கட்டியிருந்தாள். ஒரு போர்வை, இரண்டு சட்டி, லீன்ஹார்ட்டின் இறகு வைத்த தொப்பி. அடுப்பில் மறுபடியும் கஞ்சி வெந்துகொண்டிருந்தது. மூட்டை தயார், போகுமிடம் தயாரில்லை. அவள் அதைப் பற்றிப் பேசவில்லை.

"கிலியான் ரெண்டு தடவை வந்து எட்டிப் பாத்துட்டுப் போனான்," என்றாள். "முதல் தடவை என்னைப் பாத்தான். ரெண்டாவது தடவை கொப்பரையைப் பாத்தான். விலை போடுறான் போல."

"நான் இன்னும் அவன்கிட்ட ஒண்ணும் சொல்லல."

"தெரியும்."

"எனக்கு ஒண்ணு தெரியணும், ப்ளோனி. அதுக்கு முன்னால..."

"யோவ்." அகப்பையால் நிறுத்தச் சொன்னாள். "நீ கேக்கப் போறது எனக்குத் தெரியும். நீ கேட்டா நான் பதில் சொல்லணும். பதிலைக் கேட்டுட்டு நீ எந்திரிச்சுப் போயிட்டா, நாளைக்கு நான் அந்தப் பாதையில நிக்கணும். அதனால பேசாம உக்காரு. கஞ்சியைக் குடி. என்னைக் கூட்டிட்டுப் போறியா இல்லையான்னு மட்டும் சொல்லு."

அவள் பயந்து ஊட்ஸ் பார்த்ததில்லை. இப்போதும் குரலில் பயம் இல்லை.  அகப்பையை மட்டும் கஞ்சிக்குள் விட்டு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

ஊட்ஸ் எழுந்தான். அவள் முகம் போன போக்கைப் பார்த்து, "ஓடல. இரு," என்றான்.

கூடார வரிசையின் கடைசியில் கிலியான் ஒரு வண்டிச் சக்கரத்துக்கு மசகு போட்டுக்கொண்டிருந்தான். ஊட்ஸ் அங்கே போகவில்லை. நின்ற இடத்திலேயே நின்று, சேனை பாதிக்குக் கேட்கிற மாதிரிக் கத்தினான்.

"யோவ் கிலியான்! ப்ளோனி என் கூடாரம்!"

"என்னது?"

"என் கூடாரம்! என் பொம்பளை! பாதிரி வேணும்னா அவரையும் எழுப்பு!"

அங்கங்கே கூடாரங்களிலிருந்து விசில் அடித்தார்கள். யாரோ அவளுக்காக அனுதாபப்பட்டான். கிலியான் மசகுக் கையைத் தூக்கி ஆட்டினான். அத்தனை பேர் கேட்க அந்தக் கை ஆடிவிட்டால் சேனைச் சட்டப்படி கல்யாணம் முடிந்தது. இனி ஊட்ஸே நினைத்தாலும் அவளை வண்டியிலிருந்து இறக்க முடியாது.

அவன் திரும்பி வந்து, அடுப்புக்கு இந்தப் பக்கம் குந்தினான். எதிரில் அவள். நடுவில் குறுக்கே லீன்ஹார்ட்டின் நெளிவாள், புகை படிந்து கறுத்துப்போய்.

"உன் இடம் இனிமே போகாது," என்றான். "என்ன சொன்னாலும் போகாது. ராத்திரி எனக்குக் காடா விரிப்பு போதும், வெளியில படுத்துக்கறேன். இப்போ கேக்கறேன். நீதான் அவனைக் கழுவின. தலையில துணியைச் சுத்தி யாரையும் பாக்கவிடல. டீபோல்ட்டு கொடியைத் தேய்க்கறான், எண்ட்ரெஸு பல்லைப் பிடுங்கறான். ரெண்டு பேரும் வாயில கொழுக்கட்டை வச்ச மாதிரிப் பேசறாங்க. நீ சொல்லு. எந்த வாளு?"

 கொப்பரை கொதித்துச் சிணுங்கியது. அவன் ஏதாவது கிண்டலாகச் சொல்லித் தொலைக்கப் போகிறான் என்று அவளும் எதிர்பார்த்தாள், அவனும் எதிர்பார்த்தான். வாய்க்குள் ஒன்றும் வரவில்லை.

"உன் வாளு," என்றாள் ப்ளோனி. "வலது நெத்திப் பொட்டுல ஒரே துளை. நுனி மழுங்கல். நான் விரலை வச்சுப் பாத்தேன், மூக்கறைதான். கை ரெண்டும் சேறு, நகத்துக்குள்ள மஞ்சப் பட்டு நூலு. கொடியை எடுக்கக் குனிஞ்சிருக்காரு, நீ பின்னால இழுத்திருக்க. கத்தினாரா இல்லையான்னு எனக்குத் தெரியாது, அதைக் கேக்காத. ஆனா கொன்னது நீதான், ஊட்ஸ்."